ஒரு மரக்கால் கம்பு

"அம்மா, நீ உக்காந்தா மட்டும் நாற்காலி ஏம்மா அழுவுது?"

பூவிழி இதைக் கேட்டபோது அவளுக்கு நாலரை வயது. உடையார்பாளையத்தில் ஒரு காதுகுத்து விசேஷம். மண்டபத்தில் நீல நிற பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். செங்கமலம் உட்கார்ந்ததும் நாற்காலியின் நாலு கால்களும் வெளிப்பக்கம் விரிந்து கிறீச்சென்று ஒரு சத்தம் வந்தது. பிள்ளை கேலியாகக் கேட்கவில்லை. நாற்காலிக்கு வலிக்கிறதோ என்று அதன் கையைத் தடவிக்கொண்டேதான் கேட்டது. முன்வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருத்தி, "நல்லாக் கேளுடி கண்ணு" என்றாள். செங்கமலமும் சிரித்தாள். இந்த மாதிரி இடங்களில் அவள்தான் முதலில் சிரித்துவிடுவாள். தான் சிரித்துவிட்டால் மற்றவர்கள் சிரிப்பது அவ்வளவாகக் குத்தாது என்று அவள் சின்ன வயதிலேயே கற்றுக்கொண்டிருந்தாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, தையல் மிஷின் மேல் கிடந்த டேப்பை எடுத்துத் தன் இடுப்பில் சுற்றிப் பார்த்தாள். அரியலூரில் அந்தத் தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறவள் அவள்தான். யாருக்கு எந்த வருஷம் எத்தனை அங்குலம் கூடியது என்று நோட்டைப் பார்க்காமலே சொல்வாள். தன் உடம்பை மட்டும் அவள் அளந்ததில்லை. பழைய ஜாக்கெட்டை மேலே வைத்து, அதைவிட இரண்டு விரல் கூட்டி வெட்டிக்கொள்வாள். அறுபது அங்குல டேப்பை ஒரு சுற்றுச் சுற்றியதும் நாலு விரல்கடை நீளம்தான் மிச்சம் இருந்தது. டேப்பைச் சுருட்டி மிஷின் மேலேயே வைத்தாள்.

அடுத்த தை மாதம் திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஆபரேஷன் நடந்தது. இரைப்பையின் பெரும்பகுதியை எடுத்துவிட்டுச் சின்னதாகத் தைத்துவிடுகிற ஆபரேஷன். தையல்காரிக்கு அது புரிந்தது. பெரிய பையை வெட்டிச் சின்னப் பையாகத் தைப்பது. நூற்றுப் பதினெட்டு கிலோ இருந்தாள். முழங்கால் இரண்டும் தேய்ந்திருந்தன. செய்வதுதான் நல்லது என்று அங்கிருந்த டாக்டரே சொன்னார். செய்த பிறகு ஆயுள் முழுக்க மாத்திரை போட வேண்டும், ஆறு வாரத்துக்கு ஒருமுறை வந்து ரத்தம் பார்க்க வேண்டும், விடாமல் வாந்தி வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடக் கூடாது என்று அச்சடித்த தாளையும் கையில் கொடுத்தார்கள். அவர்கள் பக்கம் ஒரு குறையும் இல்லை. கையெழுத்துப் போட்டது அவள் புருஷன் வேல்முருகன். சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரி ஓட்டுகிறவன். பேச்சு குறைவு.

அவனுடைய அம்மா கலியம்மாளிடம் மட்டும் இருவரும் பித்தப்பையில் கல் என்று சொல்லிவிட்டார்கள்.

ஏன் அப்படிச் சொன்னோம் என்று செங்கமலம் பின்னால் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறாள். கலியம்மாள் கொடுமைக்காரி இல்லை. அடுத்தவர் காட்டில் களை வெட்டி, கூலி கிடைக்காத நாளில் ஈரத் துணியை வயிற்றில் கட்டிக்கொண்டு பிள்ளை வளர்த்தவள். அவளுக்கு மருமகளின் உடம்பு ஒரு பெருமை. "எம் மருமவ குந்துனா வூடே நெறஞ்சிருக்கு" என்று வருகிறவர்களிடம் சொல்வாள். தன் வீட்டில் பசி இல்லை என்பதற்கு அவளிடம் இருந்த ஒரே சாட்சி அந்த உடம்புதான். அவளிடம் போய், சோறு நிறைந்த வயிற்றை நானே வெட்டிக்கொண்டு வந்தேன் என்று எப்படிச் சொல்வது? பொய் என்று தெரிந்தேதான் சொன்னார்கள். ஒருவரை நோகடிக்கக் கூடாது என்று சொல்கிற பொய்யும் பொய்தான். அது யாரையாவது நோகடிக்காமல் விடாது.

முதல் இரண்டு தடவை திருச்சிக்குப் போனார்கள். அரும்பாவூரில் செங்கமலத்தின் அம்மா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். மூன்றாம் தடவை வைகாசி முகூர்த்தங்கள் வந்து, தைக்க வேண்டிய ஜாக்கெட் மலையாகக் குவிந்துவிட்டது. மாத்திரைகளை மிஷினுக்கு அடியில் வெட்டுத்துணிப் பைக்குள் ஒளித்து வைத்திருந்தாள். எடுத்தால் அத்தை பார்ப்பாள், பார்த்தால் கேட்பாள். மாத்திரை போட்டால் குமட்டலும் வந்தது. நாளைக்குப் போடலாம் என்று விட்டாள். அப்புறம் நிறுத்தியதே மறந்துபோனது.

எடை மட்டும் குறைந்துகொண்டே வந்தது. தெருவில் எல்லோரும் வாயில் கை வைத்தார்கள். எதிர்வீட்டு சுந்தராம்பாள், "கல்ல எடுத்தா இம்புட்டு எளைக்குமா? அப்படின்னா எனக்கும் ரெண்டு கல்லக் குடு சாமின்னு வேண்டிக்கிறேன்" என்றாள். செங்கமலம் அப்போதும் முதலில் சிரித்தாள். கண்ணாடியில் தாடை எலும்பு தெரிந்தது. சீப்பில் முடி கொத்துக் கொத்தாக வந்ததை யாருக்கும் சொல்லாமல் சுருட்டி எறிந்தாள். ஆனி முழுக்க வாந்தி. தண்ணீர் குடித்தாலும் வாந்தி. "ரெண்டாவதா?" என்று கண்ணடித்துக் கேட்டார்கள். கலியம்மாள் நிஜமாகவே அப்படி நம்பி, மாங்காய் வாங்கி வந்து உப்பும் மிளகாய்ப் பொடியும் போட்டு நீட்டினாள். அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல மனசு வராமல் ஒரு துண்டை வாங்கிக் கடித்தாள்.

ஆடி பிறந்து நாலாம் நாள் அது தெரிந்தது. கரண்டில் ஓடும் மிஷின், காலடியில் மிதி. ஒரு கல்யாணப் பெண்ணின் பச்சைப் பட்டு ஜாக்கெட்டில் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தலாம் என்று காலை எடுத்தாள். மிஷின் நிற்கவில்லை. ஊசி கைப்பக்கத்தைத் தாண்டி முதுகுத் துணியில் ஏறி ஓடிக்கொண்டே இருந்தது. குனிந்து பார்த்தபோது அவள் கால் மிதியை அழுத்திக்கொண்டுதான் இருந்தது. கால் அங்கே இருப்பது அவளுக்குத் தெரியவில்லை. அடுத்த வாரம் சுவரைப் பிடிக்காமல் நிற்க முடியவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த பூவிழி இரண்டாகத் தெரிந்தாள். எந்தப் பூவிழியின் கையிலிருந்து பையை வாங்குவது என்று தெரியாமல் நடுவில் கையை நீட்டினாள்.

"சோறு எறங்காம ஒடம்புல தெம்பு செத்துப்போச்சு. ரெண்டு பாட்டில் ஏத்துனா எந்திரிச்சிடுவா" என்றாள் கலியம்மாள். நம் பக்கத்தில் எந்தச் சோர்வுக்கும் அதுதானே முதல் வைத்தியம். குளுக்கோஸ் பாட்டில் ஒன்று தலைமாட்டில் தொங்கிவிட்டால் வீட்டாருக்கு நிம்மதி வந்துவிடும். பக்கத்திலிருந்த ஒரு கிளினிக்கில் சேர்த்தார்கள். அந்த டாக்டர் கேட்க வேண்டியதைக் கேட்டார். "முன்னாடி ஏதாச்சும் ஆபரேஷன் பண்ணிருக்கீங்களா?"

வேல்முருகன் தன் அம்மாவைப் பார்த்தான். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அவனுக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

"பித்தப்பைக் கல்லு சார்" என்றான்.

டாக்டர் செங்கமலத்தைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள்.

மூன்று நாளில் ஐந்து பாட்டில் ஏறியது. இளைத்துக் காய்ந்த உடம்பில் பி-ஒன் என்கிற சத்து அடியோடு வற்றிப் போயிருக்கும்போது, அந்தச் சத்தைக் கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மிச்சமிருப்பதும் எரிந்து போகும் என்பது அங்கே நின்ற யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய ஒருவருக்கு உண்மையைச் சொல்லவில்லை. நாலாம் நாள் காலையில் காப்பி கொண்டுவந்த வேல்முருகனைப் பார்த்து, நீங்க யாருங்க என்று மரியாதையாகக் கேட்டாள்.

அன்றைக்கே அரியலூர் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு வந்த நாட்கள் அவளிடம் இல்லை. துணியில் கத்தரி போட்டு எடுத்த மாதிரி ஒரு பெரிய ஓட்டை. ஓட்டைக்கு நடுவே ஒரே ஒரு துண்டு மட்டும் தங்கியிருந்தது.

சுற்றிலும் பச்சைத் திரை. ஃபினாயில் வாசம். யாரோ ஒரு பெண் ஈரத்துணியால் அவள் உடம்பைத் துடைக்கிறாள். காய்த்துப்போன கை, ஆனால் அழுத்தவில்லை. அந்தக் கை வயிற்றில் நின்றது. ஐந்து சின்னத் தழும்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டது. தொங்கிக்கிடந்த தோலை மெதுவாகத் தூக்கி, அடியில் துடைத்து, பவுடர் போட்டது. குரல் மட்டும் காதுக்குப் பக்கத்தில் வந்தது.

"கல்லு எடுத்தவளுக்கு இம்புட்டுத் தோலு தொங்காது தாயி. வயித்தச் சுருக்கிக்கிட்டியா?"

செங்கமலம் அழுதாள். எங்கத்தைக்குத் தெரியக் கூடாது என்று சொன்னாளாம். தான் சொன்னது அவளுக்கு நினைவில்லை. அதற்கு வந்த பதில் நினைவிருந்தது.

"தெரிய வேணாம். டாக்டரம்மா காதுல மட்டும் போட்டுடறேன். ஊருக்கா சொல்லப் போறேன்? நீ கண்ண மூடிக்க."

அவள் பெயர் ரத்தினம்மாள். வார்டில் கூட்டித் துடைக்கிற வேலை. அவள் டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்ன ஒரு மணி நேரத்தில் வைத்தியம் மாறிவிட்டது. ஊசி மேல் ஊசியாக பி-ஒன் ஏறியது. டாக்டரம்மா வேல்முருகனைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னும் இரண்டு நாள் கழித்து வந்திருந்தால் எதுவும் செய்திருக்க முடியாது என்றார்கள். திட்டவில்லை. அவன் திரும்பி வந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்தக் கம்பியைத் தவிர வேறு எதையும் அவன் அன்று பார்க்கவில்லை.

இதெல்லாம் பின்னால் அவன் சொல்லித்தான் செங்கமலத்துக்குத் தெரியும். ரத்தினம்மாள் தன் வேலை முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல், வேகவைத்த முட்டையை ரசத்தில் மசித்து ஒரு ஸ்பூன் கொடுப்பாளாம். "முழுங்கிட்டு நூறு எண்ணு. நான் சன்னலத் தொடச்சிட்டு வரேன்" என்பாளாம். நூறு எண்ணியதும் அடுத்த ஸ்பூன். எண்ணிக்கை நடுவில் மறந்துபோனால் மறுபடியும் ஒன்றிலிருந்து. அந்த வார்டின் சன்னல்கள் அந்த மாதம்போல் எப்போதும் பளபளத்ததில்லை என்று நர்ஸ்கள் சிரித்தார்களாம். ஆவணிக் கடைசியில் வீட்டுக்கு அனுப்பிய அன்று ரத்தினம்மாளுக்கு லீவு. ஆட்டோ வந்துவிட்டது. சொல்லிக்கொள்ளாமலே கிளம்பிவிட்டார்கள்.

வீட்டில் கலியம்மாள் இரண்டு மணிக்கு ஒருதரம் ஒரு சின்னக் கிண்ணத்தோடு வந்து நிற்பாள். அவித்த பயறு, முட்டை, கெட்டித் தயிர். தட்டு நிறையச் சோறு போட்டே பழகிய கை அந்தக் கிண்ணத்தைப் பிடிக்கும்போது கூச்சப்பட்ட மாதிரி இருக்கும். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் செங்கமலத்தால் தாங்க முடியாததாக இருந்தது. ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம் கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். காதுகுத்து, நாற்காலி, பிள்ளை கேட்டது, திருச்சி, கல் என்று சொன்ன பொய்.

கலியம்மாள் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நாற்காலிய மாத்திருக்கலாமேடி. வயித்தயா மாத்திட்டு வருவ?"

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஆறிப்போன பயற்றை எடுத்துக்கொண்டு போய்ச் சூடு பண்ணிக் கொண்டுவந்தாள். மாத்திரை டப்பா அன்றிலிருந்து சாமி மாடத்தில், விளக்குக்குப் பக்கத்தில் இருந்தது. விளக்கேற்றும்போது எடுத்துக் கொடுப்பாள்.

உடம்பு திரும்பியது. ஆனால் முழுசாகத் திரும்பவில்லை. பார்வை நேரானது. முடி குட்டை குட்டையாக முளைத்தது. மாதம் ஒரு ஊசி, இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து, அது ஆயுளுக்கும் உண்டு. பாதங்கள் மட்டும் யாரோ வேறு ஒருத்தியின் பாதங்கள் போலவே இருந்தன. டாக்டரம்மா கண்ணை மூடச் சொல்லிக் குண்டூசியால் தொட்டு, எந்த விரல் என்று கேட்பார்கள். அவள் உத்தேசமாகச் சொல்வாள். தப்பாகவே இருக்கும். நினைவில் விழுந்த ஓட்டையும் மூடவில்லை. அந்த ஆடி மாதம் பூவிழிக்கு முதல் பல் விழுந்ததாம். ஆஸ்பத்திரிக்குக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து அவள் உள்ளங்கையில் வைத்ததாம் பிள்ளை. "நீ பத்திரமா வச்சுக்கிறேன்னு சொன்னியே" என்று பிள்ளை கேட்டபோது, ஆமாம் வைத்திருக்கிறேன் என்றாள். இன்னொரு பொய். எங்கே போனதென்று யாருக்குத் தெரியும்?

ரத்தினம்மாளின் முகமும் அந்த ஓட்டைக்குள்தான் போயிருந்தது. குரலும் கையும் இருந்தன. முகம் இல்லை. போய்ப் பார்க்க வேண்டும் என்று தினமும் நினைப்பாள். ஆனால் சுவரைப் பிடித்துக்கொண்டு, புருஷன் தோளில் தொங்கிக்கொண்டு போக அவளுக்கு மனசில்லை. டாக்டரம்மாவிடம் அப்படிப் போய் வந்தபோதுகூட வார்டுப் பக்கம் திரும்பவில்லை. தள்ளாடாமல், தன் காலால் வார்டுக்குள் நடந்து போய், அக்கா பாருங்க என்று நிற்க வேண்டும். மார்கழியில் போகலாம் என்றிருந்தாள். தையில் வாசற்படி வரை நடந்தாள். மாசியில் தெருமுனை. பங்குனி கடைசியில் கடைத்தெரு போய்க் காய் வாங்கி வந்தாள். ரத்தினம்மாளுக்கென்று ஒரு ஜாக்கெட் துணியும் எடுத்து வைத்தாள். என்ன அளவு வெட்டுவது என்று தெரியாமல் அது மடித்தபடியே கிடந்தது. நன்றி சொல்வதற்குக்கூட நாம் நம் அழகைப் பார்த்துக்கொள்கிறோம்.

சித்திரையில் டாக்டரம்மாவைப் பார்க்கப் போன நாளில், சீட்டு வாங்குவதற்கு முன்னால் நேராக வார்டுக்கு நடந்தாள். தள்ளாடவில்லை. வாசலில் ஒரு பெண் வாளியில் துடைப்பானைப் பிழிந்துகொண்டிருந்தாள். செங்கமலம் அவள் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். இவர்தானோ என்று பக்கத்தில் போனாள்.

"ரத்தினம்மா அக்கா நீங்கதானுங்களா?"

அந்தப் பெண் நிமிர்ந்தாள். "நான் குஞ்சம்மாளுங்க. ரத்தினம் போயிட்டா. மாசி மகத்துக்கு மறுநாள். காச்சல்னு வூட்டுல படுத்தவ எந்திரிக்கல." அப்புறம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "நீங்க அந்த முட்ட ரசத்துப் புள்ள இல்ல?"

நடைபாதை பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். குஞ்சம்மாள்தான் பேசினாள். "உங்களப் பத்திக் கேட்டுக்கிட்டே இருந்தா. அந்தப் புள்ள நடந்துச்சோ இல்லியோ, தெரியலியேன்னு. நடந்துட்டா கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு ஒரு மரக்கா கம்பு கொட்டுறேன்னு நேந்துருந்தா. கம்புகூட வாங்கி வச்சிருந்தா. சேதி தெரியாம எப்படிக் கொட்டுறது, பொய் வேண்டுதலா போயிடும்னு சொல்லிட்டா."

ஒரு போட்டோ இருக்குமா என்று செங்கமலம் கேட்டாள். குஞ்சம்மாள் சிரித்தாள். "எங்களையெல்லாம் யாருங்க போட்டோ புடிக்கிறா?"

தங்கள் வீட்டிலிருந்து பெரியாஸ்பத்திரி பத்து ரூபாய் ஷேர் ஆட்டோ தூரம். நடந்துவிட்டாள் என்று யாராவது ஒருவர் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தையில் வாசற்படி வரை நடந்த அன்றே சொல்லியிருக்கலாம்.

வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. கலியம்மாள் பூவிழியைக் கூட்டிக்கொண்டு அரும்பாவூருக்குப் போயிருந்தாள். வேல்முருகன் விடியும் முன்பே லாரிக்குப் போய்விட்டான். செங்கமலம் குளித்து, மாத்திரை போட்டு, ஒரு முட்டையை நூறு நூறாக எண்ணித் தின்று முடித்தாள். தானியம் அளக்கும் மரக்காலைக் கழுவித் துடைத்து, கடைத்தெருவில் வாங்கி வைத்திருந்த கம்பை அளந்தாள். தலை தட்டவில்லை, கோபுரமாகவே விட்டாள். மஞ்சள் பையில் கொட்டி, வாயைச் சேர்த்துத் தைத்தாள். பஸ் இருந்தது. ஏறவில்லை.

கல்லங்குறிச்சிக்கு ஐந்தாறு கிலோமீட்டர்தான். மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம். அவள் ஒவ்வொரு அடியையும் கண்ணால் பார்த்து வைக்க வேண்டியிருந்தது. பார்க்காமல் வைத்த காலை நம்ப முடியாது. சுண்ணாம்புக்கல் லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. தூரத்தில் வேல்முருகனின் லாரி மாதிரி ஒன்று வந்தபோது வேப்பமரத்தின் பின்னால் திரும்பி நின்றுகொண்டாள். அவன் பார்த்தால் நிறுத்துவான், ஏற்றிக்கொள்வான், பையை வாங்கிக்கொள்வான். லாரி போன பிறகு நடந்தாள். நாலு இடத்தில் உட்கார்ந்தாள். ஒரு இடத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு நூறு எண்ணினாள்.

கோயிலில் கூட்டமில்லை. சனிக்கிழமையும் இல்லை, திருவிழாவும் இல்லை. சன்னதியில் நைவேத்தியத்துக்காகத் திரை போட்டிருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் மணிச்சத்தம் மட்டும் கேட்டது. தானியம் கொட்டும் இடத்தில் யாரோ எப்போதோ கொட்டிய நெல் கொஞ்சம் கிடந்தது. சீட்டு எழுதுகிறவர் நாற்காலி காலியாக இருந்தது. அவர் வரட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை. பல்லால் நூலைக் கடித்து, தன் தையலைத் தானே பிரித்தாள். யார் பேரைச் சொல்லிக் கொட்டுவது என்று ஒரு கணம் தயங்கினாள்.

"ரத்தினம்மா அக்கா குடுத்தனுப்புனாங்க" என்றாள் திரையைப் பார்த்து. "நடந்துட்டேன்."

கம்பு சலசலவென்று விழுந்தது. பச்சையும் சாம்பலுமாகச் சின்ன மணிகள் நெல்லின் மேல் சரிந்து பரவின. சில தெறித்துக் கல் தரையில் ஓடின. பையை உதறி மடித்தாள். கும்பிட்டாள். கண்ணை மூடிய இருட்டில் ஒரு முகம் வருமா என்று பார்த்தாள். வரவில்லை. ஈரத்துணி பிடித்த ஒரு கை மட்டும் வந்து, நின்று, போனது.

கிளம்பலாம் என்று காலைத் தூக்கி வைத்தபோது, இடது பாதத்தின் அடியில், பெருவிரலுக்குச் சற்றுக் கீழே, ஏதோ ஒன்று லேசாக உறுத்துகிற மாதிரி இருந்தது. அவள் குனிந்து பார்க்கவில்லை. காலை எடுக்கவும் இல்லை. திரைக்கு அந்தப் பக்கம் மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.